எட்டு இடத்துச் சராசரி

சத்தத்தை அளப்பது என் வேலை. இரைச்சல் உள்ள தொழிற்சாலைக்குப் போவேன், ஆட்களின் காது இருக்கும் உயரத்தில் மீட்டரைப் பிடிப்பேன், எத்தனை டெசிபல் என்று குறித்துக்கொள்வேன், ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எண்பத்தைந்துக்குள் இருந்தால் யாரும் கவலைப்பட வேண்டாம். தாண்டினால் முதலாளி எல்லோருக்கும் காது உறை கொடுத்தாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். டெசிபல் என்றால் என்ன என்பது எனக்குப் புரிந்தது போன மாதம்தான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். பள்ளிக்கூடத்தில் மடக்கை அட்டவணையை, அதாவது லாக் டேபிளை, கையில் கொடுத்தார்கள். பெருக்க வேண்டுமா, இரண்டு எண்களின் மடக்கையையும் கூட்டு. வகுக்க வேண்டுமா, கழி. ஏன் என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. எழுபத்தெட்டு மார்க் வாங்கினேன். அந்த எழுபத்தெட்டை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தேன், வாழ்ந்தும் விட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் டப்பா மூடி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அளக்கச் சொன்னார்கள். என் அக்கா வேலை பார்க்கிற இடம் அது. சொந்த அக்கா இருக்கிற இடத்தில் நான் அளக்கலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "மீட்டருக்கு அக்கா தங்கச்சி உண்டா?" என்றார். அதுவும் சரிதான் என்று கிளம்பினேன்.

அக்காவோடு சேர்த்து எட்டுப் பெண்கள். எட்டு இடங்கள். தகடு அடுக்குவது, ரப்பர் வளையம் பொருத்துவது, பொறுக்கிப் பார்ப்பது, கட்டுவது என்று ஏழு இடங்களில் அப்படி ஒன்றும் இரைச்சல் இல்லை. எட்டாவது, கோடியில் தடுப்புச் சுவருக்குள் இருக்கும் அச்சு இயந்திரம். தகட்டை உள்ளே தள்ளினால் 'டமால்' என்று இறங்கி மூடியை வெட்டும். நிமிடத்துக்கு நாற்பது டமால். ஒருத்தியே அங்கே நின்று ஏன் சாக வேண்டும் என்று பெண்களே பேசி ஒரு முறை வைத்திருந்தார்கள். மணிக்கு ஒருமுறை பெல் அடிக்கும், எல்லோரும் ஓர் இடம் நகர்வார்கள். எட்டு மணி நேர வேலையில் ஒவ்வொருத்திக்கும் அச்சு ஒரு மணி நேரம். இதில் பெரியவள் சின்னவள் கிடையாது.

அவர்கள் நகர்வதால் எட்டு இடத்துக்கும் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டியிருந்தது. வழக்கமாக மீட்டரே சராசரியைக் காட்டிவிடும். அன்றைக்கு இடத்துக்கு இடம் தனித்தனியாக எழுதிக்கொண்டதால் கணக்கைக் கையால் போட்டேன். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது, மறுபடி எழுபத்தெட்டு, எண்பத்தொன்று, எழுபத்தொன்பது, எண்பது. அச்சு மட்டும் நூற்றொன்று. கூட்டினால் அறுநூற்று ஐம்பத்தாறு. எட்டால் வகுத்தால் எண்பத்திரண்டு, மீதியே இல்லை. மீதி இல்லாமல் வந்தால் கணக்கு சரி என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு நம்பிக்கை. கையெழுத்துப் போட்டேன்.

அதுவரை, அறிக்கை வரட்டும் என்று தற்காலிகமாகக் காது உறை கொடுத்திருந்தார்கள். எண்பத்திரண்டு என்று தெரிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மூன்று பெண்களுக்கு மனசு கேட்கவில்லை, அச்சுக்குப் போகும்போது காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார்கள். அக்கா அவர்களைச் சும்மா விடவில்லை. "என் தம்பி அளந்து கையெழுத்துப் போட்டிருக்கான். பஞ்சை எடுங்கடி, கூப்பிட்டா காது கேக்க மாட்டேங்குது" என்று அதட்டியிருக்கிறாள். அதை என்னிடமே பெருமையாகச் சொன்னாள். எனக்கும் மனசு குளிர்ந்து போனது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அக்காவுக்குக் காது மந்தமாயிற்று. டிவி சத்தம் கூடியது. அழைப்பு மணி அடித்தால் மாமாதான் எழுந்து போவார். போனில் நாம் பேசி முடிப்பதற்குள் 'ம்' கொட்டிவிடுவாள், அதுவும் தப்பான இடத்தில். "அத்தைக்கு லைன் கிடைக்கல" என்று என் மகன் சொல்வான், நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. வயசாகுது என்றோம். நானும்தான் சொன்னேன். சத்தம் அளக்கிறவன், சத்தத்தைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்காமல் சொன்னேன்.

போன மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பொறியாளர் பெண் வந்தாள். எதைக் கொடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் இரண்டே நாளில் அவளுக்கு 'ஏன் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டோம். பழைய அறிக்கைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. ஒருநாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், இதை ஏன் கூட்டி வகுத்தீங்க?"

"சராசரின்னா வேற எப்படிம்மா எடுப்பாங்க?"

அவள் முகத்தில் கேலி இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காது பிடிக்கிற சின்னச் சத்தத்துக்கும் காது வலிக்கிற சத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா சார்? லட்சம் கோடி மடங்கு. அதை அப்படியே எழுதினா பூரா சைபராத்தான் இருக்கும். அதனால சைபரை மட்டும் எண்ணிக்கிறோம். பத்துக்கு ஒண்ணு, நூறுக்கு ரெண்டு, ஆயிரத்துக்கு மூணு. மடக்கைன்னா அவ்வளவுதான். நடுவுல வர்ற எண்ணுக்குத்தான் அட்டவணை. பெரிசு சின்னது எல்லாம் ஒரே தாள்ல அடங்கிடும், பெருக்குறதுக்குப் பதிலாக் கூட்டினாப் போதும். ரொம்ப வசதி."

"சரி."

"ஒரு ஊர்ல பத்துப் பேர். ஒரு சைபர். இன்னொரு ஊர்ல கோடிப் பேர். ஏழு சைபர். சைபரைக் கூட்டி ரெண்டால வகுத்தா நாலு. நாலு சைபர்னா பத்தாயிரம். அப்போ ஊருக்குச் சராசரி பத்தாயிரம் பேர்னு சொல்வீங்களா? உண்மையில அம்பது லட்சம். மத்தவங்களை எங்க ஒளிச்சு வெச்சீங்க?"

நான் தாளில் இருந்த எட்டு எண்களை மறுபடி பார்த்தேன்.

"டெசிபல் அந்தச் சைபர் மாதிரிதான். ஒரு சைபருக்குப் பத்து டெசிபல்னு எண்ணுறோம், அவ்வளவுதான். முதல்ல ஒவ்வொண்ணையும் பழையபடி பெரிய எண்ணா விரிச்சு, அப்புறம் கூட்டி வகுத்து, கடைசியில மறுபடி சுருக்கணும். உங்க ஏழு இடமும் சேர்ந்தா கூட அந்த அச்சுல இருபதுல ஒரு பங்கு தேறாது. சரியான சராசரி தொண்ணூத்திரண்டு."

இருபத்திரண்டு வருட அறிக்கைகளையும் அவள் பார்த்து முடித்தாள். மற்ற இடங்களில் எல்லாம் மீட்டர் காட்டியதை அப்படியே எழுதியிருந்தேன், அவற்றில் தப்பில்லை. நானாகக் கணக்குப் போட்டது இந்த ஒன்றுதான். ஆறு வருடம் கழித்து ஏன் கிளற வேண்டும் என்று மேலதிகாரி முணுமுணுத்தார். ஏன் மேடம் திருத்திய அறிக்கையை அச்செடுத்து என் முன்னால் வைத்தாள், நான் கையெழுத்துப் போட்டேன். தொழிற்சாலையில் காது உறை திரும்ப வந்துவிட்டது. போன காது வருமா? அது இனி வராது என்று டாக்டர் போன வருடமே அக்காவிடம் சொல்லியிருந்தார்.

மூன்று வாரம் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் பேசுகிறவர் வாயைப் பார்த்துத்தான் அவள் கேட்கிறாள், அதனால் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன். தலையைக் குனிந்துகொண்டு சொல்லவும் வழியில்லை.

"அக்கா, அன்னிக்கு நான் போட்ட கணக்கு தப்பு. எண்பத்திரண்டு இல்ல. தொண்ணூத்திரண்டு."

அவள் என் வாயையே பார்த்தாள். மடித்த சட்டையை அடுக்கில் வைத்தாள்.

"அதான் மறுபடி உறை குடுத்தாங்களா? பத்துதானேடா கூடிப்போச்சு. இதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே? விடு. சாப்பிட்டியா?"

அத்தோடு முடிந்திருக்கும். மன்னிப்பு கையில் வந்துவிட்டது, எழுந்து போய்ச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அவள் மன்னித்தது பத்தை. நான் செய்தது அது இல்லை. தெரியாமல் செய்த தப்பை அவளுக்குத் தெரியாமலே மன்னிக்க வைத்தால் என்னைவிடக் கேவலமானவன் இருக்க மாட்டான் என்று தோன்றியது.

"பத்து இல்லக்கா" என்றேன். பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் ஒன்று, பத்து, நூறு என்று எழுதி, சைபர்களுக்கு அடியில் கோடு போட்டேன். ஊர்க் கணக்கைச் சொன்னேன். அக்கா துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இரண்டு இடத்தில் நிறுத்தி, "மறுபடி சொல்லு" என்றாள். எனக்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது அவளுக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

"அப்போ பத்து கூடிச்சுன்னா பத்து மடங்கு" என்றாள்.

"ஆமா."

"ஏழு மணி நேரம் நல்ல இடத்துல நின்னதுக்கு அர்த்தமே இல்ல. அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாம்."

"ஆமாக்கா."

"நாங்க நகர்ந்து நகர்ந்து எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுத்திருக்கோம்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகம் மெல்ல வேறு மாதிரி ஆனது. கண் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தது.

"நான்தானேடா பஞ்சை எடுக்கச் சொன்னேன்."

"நீ என்னக்கா செய்வே, என்னை நம்பித்தானே..."

"நீ எண் போட்டே. அவங்க எண்ணையா பார்த்தாங்க? என் மூஞ்சியைப் பார்த்துத்தான் எடுத்தாங்க."

எனக்கு அழுகை வந்தது. என் தலையில் இருந்ததை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன் என்று புரிந்தது. சொன்னதும் தப்பு, சொல்லாமல் இருந்ததும் தப்பு. எட்டு எண்களை எழுதிய அன்றைக்கு ஒரே ஒரு முறை ஏன் என்று கேட்டிருந்தால் இரண்டும் இல்லை.

அக்கா எழுந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மாமாவை எழுப்பவில்லை.

"இங்கேர்ந்து நாலாவது தெருவுலதான் எங்ககூட வேலை பார்த்தவ ஒருத்தி இருக்கா. போன வருஷம் வேலையை விட்டுட்டா. அவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா, நான்தான் அவ காதுலேர்ந்து பஞ்சைப் பிடுங்கினேன். வா."

"இப்பவேவா?"

"ஏழு வீடு இருக்கு."

இருவரும் தெருவில் நடந்தோம். பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, நான் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். அவளுக்கு அது எதற்கு என்று தெரியவில்லை.

மாடிப்படிக்கு அடியில் சின்ன வீடு. அக்கா கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். கடைசியில் ஜன்னல் பக்கம் போய்க் கையை ஆட்டிய பிறகுதான் அந்தப் பெண் எங்களைப் பார்த்துக் கதவைத் திறந்தார். அக்காவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். என்னைப் பார்த்து, "இவர்தானே அளக்க வந்த தம்பி?" என்று அக்காவிடம் கேட்டார். இப்போதும் அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது.

அக்கா உட்காரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. பத்துன்னு மட்டும் சொல்லி நிறுத்திடாதே."

நான் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு தலையாட்டிக் கேட்டார். நான் முடித்ததும், கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பலமாச் சொல்லுங்க தம்பி" என்றார்.