ஜெட்டுக்குச் சொல்லிவைத்த நன்றிப் பூசை

1

இந்தக் கதையில் பாதிதான் என்னுடையது. மீதி, கல்மண்டபத்து டீக்கடையில் ஒட்டுக்கேட்டது. பக்கத்து பெஞ்சில் ஓர் அப்பாவும் மகளும். மகள் விமானி உரிமம் வாங்கிவிட்டாள், சின்ன ஊர்களுக்குப் புரொப்பெல்லர் விமானம் விடும் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிடுகிறது, சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இவ்வளவுதான் காதில் விழுந்தது. அப்புறம் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக் கெடுத்தது. அதற்கு மேல் நான்தான் பொறுப்பு.

2

முதல் தொடக்கம்: "விரிந்த வானம் கரோலினை அழைத்தது, அவளோ"

வேண்டாம். வானம் அழைக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் அழைத்தார்கள், போனில்.

இரண்டாவது: "காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் இக்னேஷியஸ், மகளுக்கு ஜெட் விமானத்தில் வேலை கிடைத்ததென்று மாதா கோயிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லிவைத்தார்."

இது இருக்கட்டும். (ஜெட் விடும் பெரிய கம்பெனி ஒன்று அவளைத் தேர்வு செய்து காத்திருப்போர் பட்டியலில்தான் வைத்திருந்தது. மனிதர் அவசரப்பட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் அதை மைக்கில் வாசிப்பார். மீன் ஏலம் விடும் கெங்கம்மா வரைக்கும் செய்தி போய்விட்டது.)

3

இக்னேஷியஸை வில்லனாக்கப் பார்த்தேன், மசியவில்லை. மகளை நினைத்துப் பூரித்துப்போயிருக்கிற மனிதரை நான் என்ன செய்வது? பேச விட்டேன்.

"காத்தாடி வெச்ச பிளேனா? அத்த ஓட்டவா இம்மாம் படிச்ச?"

"உன் போட்டு மட்டும் இன்னாத்துல ஓடுது, நைனா?"

"போட்டு வேற. பெரிய கம்பெனில உன் பேரு கீதுல்ல. கொஞ்ச நாளு குந்து."

"எவ்ளோ நாளு?"

அவர் டீயை ஆற்றினார்.

"தடைக்காலம் முடிஞ்சி கடலுக்குப் போறப்போ, புதுசா ஓட்டக் கத்துகின ஆளு கையில மொத நாளே ஸ்டியரிங் குடுப்பியா நீ?"

"எப்டி குடுக்கறது? கரையில குந்திகினு இருந்த கையி. எல்லாம் மறந்து பூட்டிருக்கும்."

"தடைக்காலம்னா முடியற தேதியாவது தெரியும். எனக்கு அதுகூட தெரியாது. சின்ன பிளேனு, சின்ன ரன்வே, ஒரே நாள்ல அஞ்சாறு தபா ஏத்தி எறக்கணும். எனக்கு கை படியறது அங்கதான். நான் போறேன், நைனா."

"பூசைக்குச் சொல்ட்டேனேம்மா. மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சிக்கறது?"

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளுக்கும்தான்.

4

கைவசம் உள்ள முடிவுகள்:

அ) அவள் காத்திருக்கிறாள். எழுதிப் பார்த்தேன். இரண்டு வரி தாண்டுவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

ஆ) பல வருஷம் கழித்து, அவள் ஓட்டும் ஜெட்டில் அப்பா ஜன்னலோரம்

[அடித்துவிட்டேன். ஜெட் கிடைத்தால்தான் அவள் செய்தது சரி என்று ஆகிவிடும். அவள் செய்தது இன்றைக்கே சரி.]

இ) அந்த பெஞ்சிலிருந்தே போன் போட்டு, "வரேன் சார், எப்போ ஜாயின் பண்ணணும்?" என்கிறாள்.

இது மாறாது. இதில் கை வைக்க உங்களுக்கும் உரிமை இல்லை.

5

மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு மணி அடித்தாயிற்று. இக்னேஷியஸ் சலவைச் சட்டையில் ஃபாதர் முன்னால் நிற்கிறார்.

"ஃபாதர், அந்த ஜெட்டுன்னு சொல்லிகினு இருந்தேன்ல..."

இதற்கு மேல் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. மாற்றி வாசிக்கச் சொல்கிறாரா, அப்படியே இருக்கட்டும் என்று ஊர் முன்னால் ஜம்பத்தைக் காப்பாற்றிக்கொள்கிறாரா? நீங்களே அவருக்கு வார்த்தை எடுத்துக் கொடுங்கள்.

சீக்கிரம். கரோலின் கடைசி பெஞ்சில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். பூசை முடிந்ததும் நேரே ஏர்போர்ட்.

அவளைக் காத்திருக்க மட்டும் வைக்காதீர்கள்.