கிழக்குத் தண்ணி

1

இந்தக் கதையைப் பகிடியாகத்தான் தொடங்கினேன். பருத்தித்துறைக்கு மேற்கே ஒரு சிறு துறையில் (பெயர் வேண்டாம்) அலைதடுப்பு அணை கட்டப்போகிறார்கள். மீனவர் சொன்னவற்றைப் பொறியியலாளருக்கு ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தவன் நான். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன், ஊர் கரவெட்டி. வெங்காயப் பாத்தியில் ஓடும் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவன் கடலை மொழிபெயர்த்தால் சிரிப்பு வராமல் இருக்குமா?

2

‘கடல் அன்று அமைதியாக...’ [வெட்டிவிட்டேன். எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.]

‘நிரோஜா சப்பாத்தைக் கழற்றிவிட்டு...’ [இதுவும் வேண்டாம்.]

நிரோஜாதான் பொறியியலாளர். தனியே கையொப்பமிட்டு அவள் கொடுத்த முதல் வரைபடம் இந்த அணை. கடலடியில் அவள் வைத்த நீரோட்டக் கருவியை மாரி தொடங்கியதும் அலை கொண்டுபோய்விட்டது. ஆகவே மாரிகால நீரோட்டத்துக்கு மீனவரின் வாய்ச்சொல்தான் ஆதாரம். என் கதையில் அவளைச் சந்தேகப் பிராணியாக்கினேன். ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கிறவள்.

(உண்மையிலும் கேட்டாள். அதற்கு வருகிறேன்.)

3

மீனவர் பேச்சு என் கதையில் தோட்டக்காரன் பேச்சாக வந்தது. சரிப்படுத்துவதற்காக இன்று காலை பழைய ஒலிப்பதிவைப் போட்டேன். மீனவர் தேவராசா கதைக்கிறார்:

“மாரியிலை கிழக்குத் தண்ணி, மாஸ்ரர். பொல்லாத இழுவை. காலமை பருத்தித்துறைக்கு நேரை அறுந்த வலையைப் பின்னேரம் வல்வெட்டித்துறைக்கு நேரை எடுப்பம்.”

முதல் வாக்கியத்தை மட்டும்தான் அன்று மொழிபெயர்த்திருந்தேன். ‘நீரோட்டத் திசை: கிழக்கு.’ வலைக் கதை வீண்பேச்சு என்று விட்டுவிட்டேன். இன்று கதைக்கு நல்ல வசனமாக இருக்கிறதே என்று அதை எழுதினேன். எழுதி முடித்ததும் ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

வல்வெட்டித்துறை பருத்தித்துறைக்கு மேற்கே இருக்கிறது.

தேவராசாவுக்குத் தண்ணீரும் காற்று மாதிரித்தான். வருகிற பக்கத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறார். பொறியியலாளரின் படிவத்திலோ காற்றுக்கு வரும் திசை, நீருக்குப் போகும் திசை. அது அடிக்குறிப்பில் இருக்கிறது. இன்றுதான் வாசித்தேன்.

அணையின் வாயை, படகு உள்ளே வரும் வழியை, தண்ணீர் போகிற பக்கம் பார்த்துத்தான் வைப்பார்கள். என் ஒரு சொல்லால் அது கிழக்கே பார்க்கிறது. மாரி மணல் நேரே உள்ளே வரும். மணல் மேடேறி அலை உடைகிற அந்த வாயில் தேவராசாவும் மற்றவர்களும் படகைத் திருப்ப வேண்டும்; பக்கவாட்டில் அலை அடித்தால் கவிழும்.

4

அன்று நிரோஜா கேட்டது இது: “சேர், உந்தக் கிழக்கு வாற பக்கமோ, போற பக்கமோ? அலைக் கணக்கு வேறை சொல்லுது.”

நான் சொன்னது: “கிழக்கெண்டால் கிழக்குத்தான் பிள்ளை. முப்பது வருசம் இங்கிலீசு படிப்பிச்சனான்.”

“ஓம் சேர்,” என்றாள்.

[இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. அச்சில் போட முடியாது.]

5

முடிவு ஒன்று: அவளுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். வேலை நிற்கிறது. தவறு என்னுடையது, ஆனால் கையொப்பம் அவளுடையது. அடுத்த வரைபடத்தை யார் அவளிடம் கொடுப்பார்கள்?

முடிவு இரண்டு: பேசாமல் இருக்கிறேன். நாளை காலை கல் லொறிகள் வருகின்றன. பிறகு மாரி வருகிறது, தேவராசாவின் படகு அந்த

[இதை எழுதமாட்டேன்.]

முதலாவதையும் விரித்து எழுதமாட்டேன். நன்றாக எழுதிவிட்டால் அவளோடு கதைத்துவிட்டேன் என்ற நிம்மதி வந்துவிடும். என்னை எனக்குத் தெரியும். அவளுடைய இலக்கம் தொலைபேசித் திரையில் இருக்கிறது. பேனையை வைக்கிறேன்.

நீங்கள் இதை வாசிக்கும்போது அணை எழும்பியிருக்கும். அந்தப் பக்கம் போனால் வாய் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேற்கே என்றால் நான் கதைத்துவிட்டேன். கிழக்கே என்றால், இந்தக் கதை நன்றாக வந்திருக்கிறது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.