காவ்யா உட்கார்ந்த பெஞ்சு

1997 ஆகஸ்ட் நான்காம் தேதி, திங்கட்கிழமை, புனேயின் ஒரு பொறியியல் கல்லூரியில் காவ்யா உட்கார்ந்திருந்த நாலடி பெஞ்சு இரண்டடி நீண்டது. அன்று காலைதான் சேர்க்கைப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இடஒதுக்கீட்டுப் பிரிவும் இருந்தது. அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் அவளிடமிருந்து நகர நகர, பலகையும் சத்தமில்லாமல் அவர்களோடு போயிற்று. தீபாவளிக்குள் பதினேழடி. வடக்குச் சுவரில் ஓட்டை போட்டு முனையைத் தாழ்வாரத்துக்கு விட்டார்கள். தச்சர் இரண்டு முறை அறுத்தார். மறுநாளே மறுபடி பதினேழடி. மூன்றாம் முறை கூப்பிட்டதற்கு, ரம்பம் தேய்கிறது என்று சொல்லிவிட்டார்.

ரீனா மூன்றாம் வரிசையில், நாலடி பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாள். அவளும் காவ்யாவும் போபோடியில் ஒரே சந்து, ஒரே சாதி. அப்பாக்கள் இருவரும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். ரீனாவின் குடும்பம் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகியிருந்ததால் சாதிச் சான்றிதழ் கிடையாது; பெயர் பொதுப் பட்டியலில் வந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காவ்யா காட்டிக்கொடுக்கவும் இல்லை. பஸ்ஸில்கூடத் தள்ளியே நின்றாள்.

முதல் வருஷம் ரீனாவுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வருஷம் வயிறு எரிந்தது. நீண்ட பெஞ்சில் இடம் கிடந்ததால் மற்ற வகுப்புகளின் உதவித்தொகைப் பிள்ளைகளெல்லாம் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஏரவாடாவிலிருந்து வந்த பாஸ்கர் பாடினான். காவ்யாவின் கருவாட்டு டப்பாவில் எட்டுக் கைகள் விழுந்தன. ரீனா பிரெட்டும் ஜாமும் தின்றபடி, கோட்டாக்காரர்களைப் பற்றிய ஜோக்குகளுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பொறுக்காமல் காலி பெஞ்சில் தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்தாள். அரைமணி நேரம் கழித்து ஸ்கேல் வைத்து அளந்தாள். நாலடிதான். நேராகக் காவ்யாவிடம் போனாள்.

"உனக்கு மட்டும் ஏன்டி நீளுது?"

"நானா இழுத்தேன்? அவங்க நவுந்தாங்க, அது நீண்டுச்சு. உங்கிட்டேருந்து யாருடி நவுந்தா?"

அந்தக் கேள்வி நான்கு மாதம் ரீனாவைத் தூங்கவிடவில்லை. 1999 பிப்ரவரியில் தேர்வு முடிவு வந்தது. காவ்யா வகுப்பில் இரண்டாவது. ரீனாவின் பக்கத்தில் இருந்த சியாமளா, சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரியின் மகள், சொன்னாள்: "கோட்டால வந்தவளுக்கு இவ்ளோ மார்க்கா? யாரு எழுதிக் குடுத்தாங்களோ."

"நானும் அவளும் ஒரே ஜாதி," என்றாள் ரீனா. "ஒரே சந்து. ரெண்டு பேரும் சேந்துதான் படிச்சோம்."

சேர்ந்து படித்தது மட்டும் பொய். சியாமளா முதலில் சிரித்தாள். பிறகு தன் பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். பெஞ்சு ஒரு சாண் நீண்டது. மாதக்கணக்கில் ஆசைப்பட்டது நடந்தும், ரீனா கழிவறைக்குப் போய் மதியம்வரை அழுதாள். பிறகு திரும்பி வந்து அளந்தாள்.

ஜூன் மாதம் தெற்குச் சுவரிலும் ஓட்டை போட்டார்கள். ரீனாவின் பெஞ்சு பதினெட்டடி போய் நின்றது. தன்னுடையதைவிடக் கூடிய அந்த ஓரடிக்காகக் காவ்யா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.