சிக்ககெரே பிளாட்பாரம் வளர்ந்த கதை

1994 மார்ச்சில் மூடப்பட்ட மறுநாளிலிருந்து சிக்ககெரே ஸ்டேஷனின் பிளாட்பாரம் தினமும் இரண்டு முழம் மேற்கே வளர்ந்தது. அடுத்த ஸ்டேஷன் இரண்டே கிலோமீட்டரில் இருக்கும்போது இங்கே வண்டி நிற்கத் தேவையில்லை என்பது உத்தரவு. பெங்களூரின் அந்தக் கிழக்கு ஓரத்தில், தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய அறுபது குடும்பங்கள் இருந்தன. அவர்களில் தனலக்ஷ்மி, ஊருக்குள் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைப்பவள். எட்டரைக்கு கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள்; பஸ்ஸும் கிடையாது. எல்லோரும் தண்டவாளத்தின் மேலேயே அடுத்த ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். கால்வாய்ப் பாலத்தில் வண்டி வந்தபோது ஒதுங்க இடமில்லாமல் அவள் தோழி ருக்குவின் வலது கால் போனது அந்த வருடம்தான்.

பிளாட்பாரம் கருங்கல் விளிம்போடும் மஞ்சள் கோட்டோடும் வளர்ந்தது. நூறு அடிக்கு ஒரு பெஞ்சு முளைத்தது. அதிகாரிகள் இரண்டு முறை ஆள் வைத்து இடித்தார்கள். இடித்ததை மறுநாள் காலைக்குள் ஈடுகட்டி, அன்றைய இரண்டு முழத்தையும் அது சேர்த்துக்கொண்டது. 1997 மழையில் கால்வாய்க் கரைக்கு வந்ததும் பதினோரு நாள் அசையாமல் நின்றுவிட்டது. தனலக்ஷ்மி வேலைக்கு லீவு போட்டுவிட்டு அதன் நுனியில் போய் உட்கார்ந்தாள்.

"இம்மாந்தூரம் வந்துட்டு இப்ப இன்னாத்துக்கு பயப்படறே? தாண்டு!" என்று அதட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் அது தண்ணீருக்கு மேலே கால் வைத்தது. அக்கரை தொட்டதும் ஊன்றுகோலோடு முதலில் கடந்தவள் ருக்கு. கீழே ஓடிய தண்ணீரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து நடந்தாள்.

2000 ஜூனில் அது அடுத்த ஸ்டேஷனின் பிளாட்பாரத்தோடு ஒட்டிக்கொண்டு வளர்வதை நிறுத்தியது. ரயில்வே இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா டேப்போடு வந்து இரண்டு நாள் அளந்தார்.

"நோடம்மா, நீயே பாரு, இது ஒரே பிளாட்பாரம் ஆகிப்போச்சு," என்றார் தனலக்ஷ்மியிடம். "ஒரே பிளாட்பாரம்னா ஒரே ஸ்டேஷன். அந்தக் கோடியில நிக்கிற வண்டி இந்தக் கோடியிலயும் நிக்கணும். ரூல் அப்படி."

"அப்போ மூடின ஸ்டேஷன் சார்?"

"எங்கம்மா இருக்கு அது? காட்டு பாக்கலாம்."

திங்கட்கிழமை காலை ஏழு பத்து பாசஞ்சர் சிக்ககெரேயில் நின்றது. கூட்டத்திலிருந்து எழுந்த விசில் சத்தத்தில் டிரைவரே இறங்கி வந்து பார்த்தார். ருக்குவை ஏற்றிவிட்டு, தனலக்ஷ்மி ஜன்னலோரம் இடம்பிடித்து, ஆறு வருடத்தில் முதன்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

பிறகு குடிவந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பிளாட்பாரத்தின் நடுவில் ஒரு டீக்கடை வேண்டும் என்று 2003-இல் மனு கொடுத்தார்கள். நியாயமான கோரிக்கைதான் என்று எழுதி கோவிந்தப்பா கையெழுத்துப் போட்டார்.