ஆய்த்து மேடம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, அலுத்துப்போன ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

பெங்களூரு பக்கம் சந்தாபுராவில் இருக்கும் தாரணியின் புதுக் காரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. மகளை அதில் ஏற்றப் பயந்து, காரை வாங்கிய ஷோரூமிலேயே சரிசெய்ய விட்டாள். போன் செய்தால் மேனேஜர், "ஆய்த்து மேடம்" என்பார். வேலை முடிந்ததென்று நம்பி, லீவு போட்டு, ஐந்து முறை போனாள். கார் யாரும் தொடாமலே நின்றது.

தன் காருக்காக அங்கே காத்திருந்த பிரிஜெட் சிரித்தாள். "கன்னடத்துல சரிங்கறதுக்கும் ஆய்த்துதாம்மா. வாயால கேட்டது போதும், எழுதிக் குடு."

தாரணி அங்கேயே உட்கார்ந்து, கார் விட்ட தேதி, வந்து திரும்பிய நாட்கள், ஏழு நாளில் சரிசெய்யாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் என்று எழுதி மேனேஜரிடம் நீட்டினாள்.

"இதெல்லாம் எதுக்கு மேடம்?"

"எனக்குப் பேசத் தெம்பில்ல சார். வாங்கிக்கிட்டதா இந்த நகல்ல சீல் போடுங்க."

நான்காம் நாள் பிரேக் சரியாகி, மகளோடு காரில் வீடு திரும்பினாள்.

உங்கள் வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் எல்லாரும் பத்திரமாக வந்து சேரட்டும்.