விறைப்பர் வீட்டு வண்டி

அன்று கோவில் வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: வண்டியின் ஸ்டியரிங் முன்னால் ஒனேசிமோ அபெய்தா. கதவுக்குப் பக்கத்தில், கையில் துடைக்கும் துணியோடு, அவருடைய மகள் ஃபிதெலினா. மர நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு ஒனேசிமோவின் அக்கா ஓர்லிந்தா. கோவில் படியில் அந்த வருடத்துத் திருவிழாப் பொறுப்பாளர் லெயாந்த்ரோ மாயெஸ்தாஸ், அவருக்குப் பின்னால் அவர் மனைவி எமில்தா. முதல் படியில், பலகையின் மேல், சுரூபமாக, உழவர்களின் காவலர் புனித இசிதோர். அவரோடு அவருடைய ஏரும், தேவதூதனும், இரண்டு மாடுகளும். ஜெபமாலையோடு நின்ற ஊர்ப் பெண்கள் சிலர். பங்குச் சாமியார் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். எஸ்பன்யோலா நகரத்துப் பெட்ரோல் பங்கில் காப்பி குடித்துக்கொண்டு, தாங்களும் அன்று கோவில் வாசலில் இருந்ததாகச் சொல்கிறவர்கள் யாரும் அங்கே இருக்கவில்லை.

லோஸ் ஓல்மிதோஸ் என்ற அந்த மலைக்கிராமத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. மாயெஸ்தாஸ் குடும்பம் 'வாத்துகள்'. அபெய்தா குடும்பம் 'தியெசோஸ்', அதாவது விறைப்பர்கள். கேலியாக வைத்த பெயர்தான். அபெய்தாக்கள் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டு பல காலம் ஆகிறது.

ஒனேசிமோவின் அப்பா பெலர்மினோ வாங்கியது ஐம்பத்தொன்றாம் வருடத்து ஷெவர்லே பிக்கப். ஆப்பிள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டும் என்பதால் பின்சக்கர அச்சில் கூடுதலாகச் சில ஸ்பிரிங் பட்டைகளை அவரே கோத்துப் போட்டார். அதன் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் வண்டி தாழவில்லை. "என் வண்டி எவனுக்கும் குனியாது" என்று பெலர்மினோ சொல்லாத இடம் கிடையாது.

மே மாதம் பதினைந்தாம் தேதி, இசிதோர் திருநாளில், சுரூபத்தை வயல்களுக்குக் கொண்டு போவது அந்த வண்டிதான். வாய்க்காலோரமாக மெதுவாகப் போகும். பின்னால் ஊர் பாடிக்கொண்டு நடக்கும். ஒரு வருடம் வாய்க்கால் திருப்பத்தில் வண்டி தூக்கிப்போட்டது. சுரூபம் சாய்ந்து, இடது மாட்டின் ஒரு கொம்பு ஒடிந்தது. கயிற்று முடிச்சு தளர்ந்திருந்தது என்றார் பெலர்மினோ. முடிச்சுப் போட்டது லெயாந்த்ரோவின் அப்பா. முடிச்சில் குறையில்லை, பாரமில்லாத வண்டி அந்தப் பட்டைகளால் குதிரை மாதிரி குதித்தது என்றார் அவர். அடுத்த வருடம் இசிதோர், மாயெஸ்தாஸ் குடும்பத்தின் வண்டியில் ஏறினார். பெலர்மினோ தன் வண்டியைக் கொட்டகைக்குள் பின்னோக்கி ஓட்டி நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

புனித இசிதோர் மறுபடி அபெய்தா வண்டியில் ஏற வேண்டும். ஒனேசிமோ வேறெதற்கும் இத்தனை காலம் ஆசைப்பட்டதில்லை. அதை அவர் யாரிடமும் கேட்டதும் இல்லை.

கொட்டகைக் கதவைத் திறந்தவள் ஃபிதெலினா. மாவட்டச் சாலைத் துறையின் பட்டறையில் மண் லாரிகளுக்கு வெல்டிங் செய்கிறவள். விவாகரத்துக்குப் பிறகு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, காப்பிக் கோப்பையோடு கொட்டகைக்குள் போனவள் மதியம் வரை வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒனேசிமோ போய்ப் பார்த்தபோது பானெட்டைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டுத் தொட்ட?"

"தாத்தாவக் கேட்டேன். சரின்னுட்டாரு."

"அவரு செத்து எத்தன வருஷமாச்சு தெரியுமில்ல?"

"அதான்ப்பா, உடனே ஒத்துக்கிட்டாரு. இருந்திருந்தா ஒத்துக்கவே மாட்டாரு."

ஒனேசிமோ திட்டுவதற்காக வாயைத் திறந்தார். ஆனால் கண் பானெட்டின் மேல் போய்விட்டது. ஒரு கை அகலத்துக்கு அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தாள். மேலே வெள்ளை, அதற்கடியில் நீலம், நீலத்துக்கடியில் பெலர்மினோவின் கரும்பச்சை. மரத்தை அறுத்தால் வளையம் தெரிவது போல வண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி நின்றன. நடுவில் வெறும் இரும்பு. வெயில் அதில் பட்டபோது, இத்தனை வருடமும் அந்த இரும்பு பெயிண்டுக்கடியில் இப்படிப் பளபளத்துக்கொண்டுதான் இருந்ததா என்று அவருக்குத் தோன்றியது. விரலால் தொட்டார். குளிர்ச்சியாக இருந்தது. அந்த வளைவின் மேல் சிறுவயதில் எத்தனையோ முறை ஏறிக் குதித்திருக்கிறார். அது இவ்வளவு அழகாக வளைந்திருக்கிறது என்று அன்றுதான் பார்த்தார்.

"அந்த ஓரத்துல சரியாத் தேய்க்கல" என்றார்.

மகள் உப்புத்தாளை நீட்டினாள். அன்று முதல் சனிக்கிழமைகள் அப்படிப் போயின.

இஞ்சின் இறுகிப் போயிருந்தது. சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி ஊற்றி ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார்கள். காற்று வடிகட்டிக்குள் எலி கட்டியிருந்த கூட்டை எடுத்துப் பார்த்தால், பாதி ஓர்லிந்தாவின் பழைய ஸ்வெட்டர் நூல். "என் ஸ்வெட்டரத் திருடின கழுதை நீதான்னு இத்தன வருஷம் நெனச்சிட்டிருந்தேன்டா" என்றாள் ஓர்லிந்தா தம்பியைப் பார்த்து. சனிக்கிழமைதோறும் மிளகாய்க் குழம்பும் தொர்த்தியா ரொட்டியும் கொண்டு வருவாள். வேலை எதையும் தொட மாட்டாள், குறை மட்டும் சொல்வாள்.

பனி உருகிய ஒரு காலையில் ஃபிதெலினா அப்பாவைச் சீட்டில் உட்கார வைத்தாள். தரையில் இருந்த ஸ்டார்ட்டர் மிதியை ஒனேசிமோவின் கால் தானாகவே கண்டுபிடித்தது. மிதித்தார். ஒரு முனகல். மறுபடி மிதித்தார். இருமல், நீலப் புகை, பிறகு ஆறு சிலிண்டரும் ஒன்றன் பின் ஒன்றாக விழித்துக்கொண்டன. கதவு நடுங்கியது. கண்ணாடி நடுங்கியது. அவருடைய மார்பெலும்பு வரை அந்தத் துடிப்பு வந்தது. இத்தனை காலம் மூச்சடக்கிக் கிடந்த ஒன்று, தான் எங்கே நிறுத்தியதோ அங்கிருந்தே பேச்சைத் தொடர்வது போலிருந்தது. ஓர்லிந்தா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று குறை சொல்லவில்லை.

நிறத்தை ஒனேசிமோவே சொன்னார்: காய்ந்த மிளகாய்ச் சரத்தின் சிவப்பு. ஃபிதெலினா முதலில் வெள்ளி அடித்து, அதன் மேல் கண்ணாடி போன்ற சிவப்பைப் பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றினாள். காய்ந்த பிறகு வெயிலில் தள்ளி நிறுத்தினார்கள். நிறம் மேலே இல்லை, உள்ளே எங்கோ ஆழத்தில் இருந்தது. கிணற்றுக்குள் பார்ப்பது போலக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒனேசிமோ வண்டியைச் சுற்றி வந்தார். தொப்பியைக் கழற்றினார். எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

சண்டை அதன் பிறகுதான் வந்தது. ஒரு நாள் கொட்டகைக்குள் போனால், பெலர்மினோ கோத்த ஸ்பிரிங் பட்டைகள் கழற்றப்பட்டுச் சுவரில் வரிசையாகத் தொங்கின. வண்டிக்கடியில் பளபளக்கும் உருளைகள், எண்ணெய்க் குழாய்கள். வண்டித் தட்டுப் பலகைக்கடியில் பேட்டரிகள்.

"என்ன இது?"

"ஹைட்ராலிக்ப்பா. வேணும்னா ஏத்தலாம், வேணும்னா தரையோட எறக்கலாம். எஸ்பன்யோலாவுல ஞாயித்துக்கெழம பாத்ததில்லயா?"

"பாத்திருக்கேன். வயித்தத் தரையில தேச்சிக்கிட்டுப் போற வண்டிங்க. மண்ணு லாரிக்குப் போடுற சாமான எங்கப்பா வண்டிக்குப் போட்டியா?"

"மண்ணு லாரிதான் எனக்குச் சோறு போடுது."

"இந்த வண்டி எவனுக்கும் குனிஞ்சதில்ல, ஃபிதெலினா."

"அதனாலதான் மாட்டுக்குக் கொம்பு போச்சு" என்றாள் ஓர்லிந்தா, சாப்பாட்டுத் தட்டைத் துடைத்தபடி.

"அக்கா!"

"என்னடா அக்கா? நான் அன்னிக்குப் பின்னாடி நடந்து வந்தவ. முடிச்சும் நல்லாயில்ல, வண்டியும் நல்லாயில்ல. ரெண்டு வீட்டுலயும் ஒருத்தன் வாயத் தொறந்து சொல்லல."

ஒனேசிமோ மகளைப் பார்த்துச் சொன்னார்: "மாட்டுனது மாட்டுனதா இருக்கட்டும். அந்த சுவிட்சு மேல என் வெரல் படாது. நான் ஓட்டுற வரைக்கும் இந்த வண்டி நிமிந்துதான் நிக்கும்."

ஃபிதெலினா இரண்டு சுவிட்சுகளையும் டாஷ்போர்டுக்கடியில் பொருத்தினாள். இடது பக்கம் பின்னச்சு, வலது பக்கம் முன்னச்சு. அவற்றைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

ஏப்ரலில் லெயாந்த்ரோ மாயெஸ்தாஸ் வந்தார். வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கு ஆள் கூப்பிட வந்ததாகச் சொன்னார். பார்க்க வந்தது வண்டியை. சிவப்புக்கு முன்னால் வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"கடவுளே" என்றார். "இது மிளகாயா, நெருப்பா?"

"வண்டி" என்றார் ஒனேசிமோ.

"இந்த வருஷம் பொறுப்பு எங்களுது, தெரியுமில்ல?"

"கேள்விப்பட்டேன்."

லெயாந்த்ரோ தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "எமில்தா சொல்றா, இசிதோரு ஒங்க வண்டியில போனா நல்லாயிருக்கும்னு. நானும் வேணாம்னு சொல்லல. ஆனா பாருப்பா, தூக்குறதுக்கு இருக்கிறது நானும் எமில்தாவும், முட்டி தேஞ்ச நாலு பொம்பளைங்களும். பையனுங்கெல்லாம் டென்வருக்கும் ஆல்புகெர்க்கிக்கும் போயிட்டானுங்க. ஒன் வண்டித் தட்டு என் நெஞ்சு உயரம். போன வருஷம் என் வண்டியில ஏத்துறப்பவே என் இடுப்பு போச்சு. இன்னொரு கொம்ப ஒடைக்கிற தெம்பு எனக்கு இல்ல."

"அப்ப ஒன் வண்டியிலயே போகட்டும்."

"வண்டியக் கொண்டு வா. வந்து நில்லு. பாக்கலாம்."

"பாக்கலாம்னா என்ன அர்த்தம்?"

"விறைப்பனுக்கு அர்த்தம் சொல்ல என்னால ஆகாதுப்பா" என்று லெயாந்த்ரோ ஆடி ஆடி நடந்து போய்விட்டார்.

திருநாள் காலையில் ஒனேசிமோ வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டார். வண்டி மலைப்பாதையில் இறங்கியபோது வேலியோரத்தில் நின்ற குதிரைகள்கூடத் தலையைத் திருப்பின. கோவில் வாசலில் லெயாந்த்ரோவின் வண்டியும் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றது. அதை ஒனேசிமோ பார்த்தார். படியருகே தன் வண்டியைப் பின்னோக்கி ஓட்டி, சுரூபத்துக்கு முதுகு காட்டக் கூடாது என்று மறுபடி திருப்பி, கடைசியில், திறந்த பின்கதவு படிப் பக்கம் இருக்கும்படி, சாய்வாக நிறுத்தினார்.

பெண்கள் சுரூபத்தையும் வண்டித் தட்டின் உயரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கொம்பு ஒடிந்த மாடு ஒனேசிமோவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. லெயாந்த்ரோ பலகையில் கை வைத்தார். தூக்கப் பார்த்து, முகம் சுளித்து, நிறுத்திக்கொண்டார். பிறகு தன் வண்டிப் பக்கம் திரும்பினார்.

ஒனேசிமோ இடது சுவிட்சைக் கீழே தள்ளினார்.

'உஸ்ஸ்' என்று நீண்ட பெருமூச்சு. அந்தச் சிவப்பின் பின்பகுதி, பாரம் இறக்கிய மாடு படுப்பது போல, அவசரமில்லாமல் தாழ்ந்தது. நெஞ்சுயரத்தில் இருந்த தட்டு இடுப்புக்கு வந்தது, முட்டிக்கு வந்தது, முதல் படிக்குச் சமமாக வந்து நின்றது. எமில்தா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். லெயாந்த்ரோ பாதி திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"போதும்ப்பா" என்றாள் ஃபிதெலினா மெதுவாக, கதவருகே குனிந்து. "சுரூபத்த ஏத்த பின்பக்கம் மட்டும் எறக்குனா போதும்."

அவர் கேட்டுக்கொண்டார். முன்னால் பானெட்டின் விளிம்பில் வாய்க்காலும், பச்சை பிடித்த வயல்களும், வானமும் சிவப்பாகத் தெரிந்தன. விரல் வலது சுவிட்சுக்குப் போனது. இன்னொரு பெருமூச்சு. முன்சக்கரங்கள் மட்கார்டுக்குள் மறைந்தன. முகப்பு விளக்குகள் புழுதியைப் பார்த்துத் தாழ்ந்தன. வண்டி முழுக்க மண்ணோடு மண்ணாக அமர்ந்தது. பெலர்மினோவின் வண்டி இசிதோருக்கு முன்னால் மண்டியிட்டிருந்தது. ஜெபமாலை பிடித்திருந்த பெண்களில் யார் முதலில் முட்டி போட்டது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் புழுதியில் இருந்தார்கள், முட்டி மடக்க முடியாமல் நாற்காலியிலேயே இருந்த ஓர்லிந்தாவைத் தவிர. இஞ்சின் மட்டும் அந்த அமைதிக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

பிறகு சுரூபத்தைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. படியிலிருந்து தட்டுக்குத் தள்ளினார்கள். லெயாந்த்ரோ கயிற்றை எடுத்தார். ஒனேசிமோ இறங்கி வந்து நின்றார்.

"இந்தத் தடவ நல்லாப் பாத்துக்கோ" என்றார் லெயாந்த்ரோ. "அப்புறம் முடிச்சு மேல பழி போடாத."

ஒனேசிமோ முடிச்சை இழுத்துப் பார்த்தார். "நல்லாக் கட்டியிருக்க."

"நீ நல்லா எறக்குன."

"ரெண்டு பேரும் அழுதுடாதீங்கடா, வயலு காத்திருக்கு" என்றாள் ஓர்லிந்தா.

ஒனேசிமோ வண்டியில் ஏறி இரண்டு சுவிட்சுகளையும் மேலே தட்டியதும் மோட்டார் முனக, இசிதோர் ஏரோடும் தேவதூதனோடும் மாடுகளோடும் மெல்ல மெல்ல வானத்தை நோக்கி எழுந்தார். வாய்க்கால் திருப்பத்தில் வண்டி துளிக்கூட அதிரவில்லை.

எஸ்பன்யோலாவில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது: எண்ணெய்க் குழாய் வெடித்து வண்டி கோவில் வாசலில் விழுந்துவிட்டது, விறைப்பர்கள் வெட்கப்பட்டு அதைப் பக்தியாக மாற்றிவிட்டார்கள் என்று. குழாய் எதுவும் வெடிக்கவில்லை. கோவில் வாசலில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. பின்பக்கத்தை இறக்கியது சுரூபத்தை ஏற்றுவதற்காக. முன்பக்கத்தை இறக்கத் தேவை இருக்கவில்லை. அதை ஒனேசிமோ அபெய்தா இறக்கினார்.