பின் சீட்டு இல்லாத கார்

சாரதாம்பாளுக்குக் கோபம் வந்தால் முதலில் முந்தானை இடுப்பில் ஏறும். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம், கார்க் கடையில் வைத்து அது ஏறியது.

காஜா பேராங் வட்டாரத்தில் கல்யாணச் சமையல் என்றால் அவள்தான். போன தடவை வாடகை லாரியை நம்பியதில் பந்திக்குச் சாம்பார் போய்ச்சேரவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிந்து நின்றாள். இந்த வெள்ளிக்கிழமை உஜோங் பாசிரில் பெரிய கல்யாணம். இதுவும் சொதப்பினால் அப்புறம் அவளை எவர் கூப்பிடுவார்? அதனால்தான், போன வருடம் ஆசை ஆசையாய் வாங்கிய, ஆனால் அண்டா நுழையாத காரைக் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டு வேன் எடுக்க வந்திருந்தாள்.

விற்பனையாள் தம்பிராஜா காரைச் சுற்றி வந்தான். வாங்கிய விலையில் பாதிதான் தேறும், புதுக் கார் கடைவாசலைத் தாண்டினாலே பழசுதான் என்றான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தவன், முன்பலகையில் பிள்ளையார் வைக்க ஓட்டை போட்டிருக்கிறது, அதற்கும் கழிக்கவேண்டும் என்றானே பார்க்கலாம்!

அந்தப் பிள்ளையாரைக் கொடுத்ததே இந்தக் கடைதான். தமிழர்கள் கார் வாங்கினால் கோயில் பூசைக்குக் கூடவே வந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பிள்ளையாரையும் முன்பலகையில் திருகி மாட்டிவிட்டுப் போவது கடையின் வழக்கம். அன்றைக்குத் திருகியவன் இதே தம்பிராஜா.

“ஓட்டை போட்டது நீதானே தம்பி?”

“அன்னைக்கு வித்தோம்க்கா. இன்னைக்கு வாங்குறோம்ல,” என்றான், கொஞ்சமும் கூசாமல்.

சாரதாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். காரின் பின்பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்தாள். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, பின் சீட்டைக் கழற்றி வாசலில் கிடத்தினாள். விலையைக் கொஞ்சம் ஏற்றித் தருவதாகத் தம்பிராஜா கெஞ்சிக்கொண்டே பின்னால் வந்தான். அவள் அவனை ஏறெடுத்தும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினாள்.

வெள்ளிக்கிழமை சீட்டு இருந்த இடத்தில் சாம்பார் அண்டாக்கள் உட்கார்ந்தன. உஜோங் பாசிரில், மாப்பிள்ளை வருவதற்கு முன்பே சாம்பார் வந்து ஆவி பறந்தது. பெண்ணின் தகப்பனார் பொன்னுதுரை காருக்குள் எட்டிப் பார்த்துப் பதறிப்போனார். நல்ல காடியை, அதுவும் ஒரு வருடக் காரை, இப்படிச் சாம்பாரில் நாறவிட்டால் இனி எவன் வாங்குவான் என்றார்.

சாரதாம்பாள் அண்டாவை இறக்கிக்கொண்டே சொன்னாள்.

“யாருங்க விக்கப் போறா? கையக் குடுங்க, சூடா இருக்கு.”